பக்கத்தில் நின்ற பெண்

நாற்காலியில் உட்கார வைத்திருந்த அப்பாதுரையின் உடல் சரிந்துவிடாமல் துண்டை மறுபடி இறுக்கிக் கட்டினார்கள். நேற்று மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கட்டு தெரியாதபடி மாலையை இறக்கிவிட்டாள் சரசு.

“ஊரு உலகத்தையெல்லாம் படம் புடிச்சாரு எங்கண்ணன்,” என்றாள் நாத்தனார் தனம். “கட்டின பொண்டாட்டியோட ஒண்ணாவது இருக்குதா? இப்பத்தான் வாய்ச்சிது உனக்கு அண்ணி.”

இந்த ஒரு படம் சரசுவுக்கு வேண்டும். அவர் பக்கத்தில், நேராகப் பார்த்தபடி, இவள்தான் மனைவி என்று தெரியும்படி.

அவர் படங்களில் அவள் இல்லாமலில்லை. எழுபத்தைந்தாம் வருஷத்து வறட்சியில் வற்றிய கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் முதுகு அவளுடையது. டெல்லியில் பரிசு வாங்கிய படம். கீழே ‘ஒரு கிராமத்துப் பெண்’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

கீழ்பென்னாத்தூர் கடலைக்காட்டிலும் கல் உடைக்கிற இடத்திலும் அவர் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். “என்னப் பாக்காதீங்க. நான் இங்க இல்லேன்னு நெனச்சிக்குங்க.” வீட்டிலும் அதையே சொன்னார். அவர் கேமராவை எடுத்தால் அவள் குனிந்து அரிசி களைவாள். நாளாக நாளாக, கையில் கேமரா இல்லாதபோதும் அவரை நிமிர்ந்து பார்க்காமலிருக்கப் பழகிவிட்டாள்.

செங்கம் ரோட்டு ஸ்டூடியோவிலிருந்து வந்திருந்த பலராமன், முக்காலியில் நிறுத்திய கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான்.

“கொஞ்சம் கிட்ட வாங்கம்மா. கைய நாற்காலி மேல வைங்க. ஆங்... இங்க பாருங்க.”

துணிக்குள் இருந்த ஆளின் முகம் தெரியவில்லை. லென்ஸ் மட்டும் தெரிந்தது. பார்த்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். இன்னொரு கை தானாக அவர் சட்டைப் பொத்தானுக்குப் போனது. கண்ணும் கூடவே போனது.

பளிச்சென்றது.

“குனிஞ்சிட்டீங்களேம்மா! இன்னொண்ணு எடுத்துடலாம்.”

“எடுத்த வரைக்கும் போதும்பா,” என்றார் பங்காளி இராமலிங்கம். “மலை நெழலு வாசல விட்டுப் போயிடிச்சி. வெயில்ல எம்மா நேரம் வெச்சிருப்ப?”

தெருவில் பறை முழங்கத் தொடங்கியது. துண்டை அவிழ்த்து அவரைத் தூக்கிப் பாடைக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் அழுதபடி பின்னால் ஓடினார்கள்.

சரசுவின் கை நாற்காலியின் மேலேயே இருந்தது. அவள் நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தாள்.

பலராமன் லென்ஸுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தான்.