வெயிலில் வைத்த புட்டி

கிறிஸ்துமசுக்கு அடித்த பன்றியின் கொழுப்பை உருக்கி வைத்தால், ஆனைக்கரை ஏலத்தோட்டத்து வீடுகளில் தை முடிவதற்குள் காறிவிடும். பக்கத்து வீட்டுப் பிலோமி உருக்கும் பன்றிநெய் மட்டும் ஈஸ்டர் வரை கெடாது. உருக்கும்போதே ஒரு துண்டு கருவாப்பட்டை போட்டுவிடுவாள். இது தெரிந்த நாள் முதல் மதலேனம்மாளின் கணவன் சுவக்கீனுக்கு வேறு பேச்சே இல்லை. அவன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர்.

“அக்கா, உங்க வீட்டுக்காரரு மூக்க எங்க வீட்டுலயே வச்சிட்டுப் போயிருதாரு” என்று பிலோமி சிரித்தாள். மதலேனம்மாளும் சிரித்து வைத்தாள். நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்தது போலிருந்தது.

ஐம்பத்தாறாம் வருடம் பிறந்ததும் சுவக்கீன் ஒரே நெய்யை இரண்டு புட்டிகளில் ஊற்றி, ஒன்றில் மட்டும் பட்டையைப் போட்டு அலமாரியில் வைத்தான்.

“எது முதல்ல காறுதுன்னு பாப்போம். பட்டை ஜெயிச்சா மதுரைக் காலேஜ் கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு எழுதிப் போடுவேன், பிலோமி பேரையும் சேத்து. நீ தொட்டுராத, ஏட்டி.”

பத்து வருடக் குடித்தனத்தில் மதலேனம்மாளின் பேரை அவன் ரேஷன் கார்டில் தவிர வேறெங்கும் எழுதி அவள் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து, அவன் வேலைக்குப் போனதும் பட்டைப் புட்டியைக் கூரைத் தகரத்தின் மேல் வெயிலில் வைத்தாள். அவன் வருமுன் துடைத்து உள்ளே வைத்தாள். வெயில் பட்ட நெய் ஒரு வாரம் தாங்காது. இதுவோ இரண்டு வாரமாகியும் காறவில்லை. முகர்ந்து பார்க்கும்போதெல்லாம் பிலோமியே உள்ளே உட்கார்ந்து சிரிப்பது போலிருந்தது.

ஐந்தாம் ஞாயிறு பூசை முடிந்து வந்து சுவக்கீன் இரண்டையும் முகர்ந்தான். இரண்டும் காறியிருந்தன.

“பட்டையால ஒரு பிரயோசனமும் இல்ல” என்று நோட்டை மூடினான்.

மதலேனம்மாளுக்கு உள்ளங்கால் வரை இனித்தது. அவனோ கழற்றிய சட்டையை மறுபடி மாட்டினான்.

“பாவம், பிலோமி மனசு விட்டுருவா. பக்குவமாச் சொல்லிட்டு வாரேன்.”

இதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அவன் வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டாள்.

“போகாதீங்க. நாந்தான் பட்டை போட்டதத் தெனமும் வெயில்ல வச்சேன்.”

அடிப்பான் என்று நினைத்தாள். அவன் திரும்பி வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

“வெயில்லயா? அஞ்சு வாரமுமா? எத்தன மணிக்கு வைப்ப? எப்ப எடுப்ப? மூடியோடயா?”

அவள் சொல்லச் சொல்ல எழுதினான். வெயிலில் கிடந்தும் நிழலில் இருந்ததற்குச் சமமாகத் தாங்கியிருக்கிறது, இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும் என்றான். கல்யாணமான நாளாக அவளிடம் அவன் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. எதற்காக வைத்தாய் என்பதை மட்டும் கேட்கவில்லை. அதற்காகவும் அவள் காத்திருந்தாள். அவன் பென்சிலைச் சீவிக்கொண்டு, மழை பெய்த நாட்கள் எத்தனை என்று கேட்டான்.