ஆயில் பிரஷர்

விடியும்போதே பனமரத்துப்பட்டி ஏரிக்கு அப்பாலிருந்த விமானப் பயிற்சிப் பள்ளியின் கொட்டகையில் சூடான ஆயில் வாடை அடித்தது. மெக்கானிக் சென்றாயன் சின்ன விமானத்துக்கு அடியில் மல்லாந்து, எஞ்சின் ஆயிலை இறக்கினார். முழங்கை வரை கறுப்பாக வழிந்தது. உடன் வேலை செய்யும் அனிதா பழைய ஃபில்டரை அறுத்து, உள்ளிருந்த மடிப்புக் காகிதத்தை விரித்தாள். டார்ச் வெளிச்சத்தில் உலோகத் துகள்கள் மின்னின.

"பேரிங் அரைபடுதுங்கண்ணா."

பம்பு உறிஞ்சித் தள்ளும் ஆயில், ஃபில்டரைக் கடந்து பேரிங்குகளுக்குள் அழுத்தத்தோடு பாயவேண்டும். அந்த மெல்லிய படலத்தின்மேல்தான் முன்விசிறியைச் சுற்றும் கிராங்க் தண்டு சுழல்கிறது. பிஸ்டன்களில் தெறித்துச் சூட்டை வாங்கிக்கொண்டு ஆயில் தொட்டிக்குத் திரும்பும். பேரிங் தேய்ந்தால் அழுத்தம் நிற்காது. இரும்பை இரும்பு கடிக்கும்.

பள்ளியின் முதலாளி மோகன்குமார் உள்ளே வந்தார். அவரும் விமானம் ஓட்டியவர்தான். துகள்களைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்தது.

"புது ஆயில ஊத்து. பசங்க இன்னைக்குப் பறக்கோணும்."

"எஞ்சினப் பிரிக்கோணுமுங்க. மேல போயி நின்னா உசுரு போயிருமுங்க" என்றார் சென்றாயன்.

"பிரிச்சா வண்டி மாசக்கணக்குல நிக்கும். நானே ஓட்டிக் காட்டறேன், பாரு!"

ஆயில் ஊற்றியதும் விமானத்தை வெளியே தள்ளினார்கள். மோகன்குமார் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். கொட்டகையில் எடுபிடி வேலை செய்யும் பையன் கலையரசன் தீயணைப்புக் குடுவையோடு பக்கவாட்டில் நின்றான். விமானத்தின் கதவோரம் நின்ற சென்றாயன், ஆயில் பிரஷர் முள் சரிவதைக் கண்டார்.

"நிறுத்துங்க! பிரஷர் போயிருச்சுங்க!"

மோகன்குமார் வேகத்தைக் கூட்டினார். இடிபோல் ஒரு சத்தம். பிஸ்டன் தண்டு முறிந்து எஞ்சின் கூட்டைப் பிளந்தது. கொதிக்கும் ஆயிலும் இரும்புச் சில்லும் கலையரசனின் முகத்திலும் மார்பிலும் பாய்ந்தன. அவன் அலறிக்கொண்டே தரையில் புரண்டான். சட்டையோடு தோலும் உரிந்து வந்தது.

ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிப்போனதும் மோகன்குமார் சொன்னார்: "ஆயில் கேனை அவனே மேல கொட்டிக்கிட்டான். எல்லாரும் அப்படித்தான் சொல்லோணும்."

"பொய் சொல்ல மாட்டேனுங்க."

முதலாளியின் கையிலிருந்த ஸ்பேனர் சென்றாயனின் வாயில் இறங்கியது. பல்லும் ரத்தமும் சிமெண்டில் விழுந்தன.

"அடுத்த வண்டிய வெளிய எடுங்கடா!"

யாரும் நகரவில்லை. பெட்ரோல் லாரி ஓட்டும் அம்மாசி, லாரியைக் கொட்டகை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியைப் பிடுங்கினார். அதன் முன்னால் அனிதா உட்கார்ந்தாள். கூட்டிப் பெருக்கும் அங்காளம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மோகன்குமார் போன் போட்டதும் ஜீப்பில் வந்த அடியாட்கள் தடியால் விளாசினார்கள். அங்காளம்மாளின் மண்டை பிளந்தது. "எந்திரி கெழவி!"

"எங்க பையன் அங்க வெந்து கெடக்கறான். நான் எந்திரிக்க மாட்டேன் போடா!"

பார்த்துக்கொண்டு நின்ற பயிற்சி மாணவி மதுமதி ஓடி வந்து தன் துப்பட்டாவால் அவள் தலையைக் கட்டினாள்; பிறகு அங்கேயே உட்கார்ந்தாள். மற்ற மாணவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். சென்றாயன் ரத்தத்தைத் துப்பிவிட்டு நடுவில் அமர்ந்து, இரு பக்கமும் கைகளைக் கோத்தார்.

தடிகள் மறுபடி உயர்ந்தன. ஒருவரும் கையை விடவில்லை.