ஸ்பெயின் ராஜா திரும்பிய காசு

1956 மார்ச்சில் அடுத்த வீட்டுப் பூங்காவனம் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிய மறுநாள் காலை, மலாய் நாட்டில் காஜா பேராங் தபால்காரர் தேவதாஸிடமிருந்த பழைய ஸ்பானிய வெள்ளிக்காசு ஒன்றில் ராஜாவின் தலை போய்ப் பூங்காவனத்தின் தலை இருந்தது. மூக்குத்திகூடப் பிசகவில்லை. அன்று பசாரில் மீன் விலை ஏறியிருந்தது. தெருவில் அதைத்தான் அதிகம் பேசினார்கள்.

தஞ்சோங் கிளிங் பக்கம் எப்போதோ மூழ்கிய கப்பலின் காசுகள் அவை. மீனவர் வலையில் கரிக்கட்டியாக ஏறிவரும். தேவதாஸ் சைக்கிளில் போய் வாங்கிவந்து, புளிக்கரைசலில் ஊறவைத்து, பழைய காக்கித் துணியால் தேய்ப்பார். தடித்த மூக்கும் சுருட்டை முடியுமாக ராஜா வெளிவருவார். "எங்கப்பா மூக்குலா இது!" என்று மனைவி சீதா சிரிப்பாள்.

மெர்டேக்கா என்ற விடுதலை நாள் நெருங்க நெருங்க, இனி இங்கே நமக்கென்ன என்று கிளம்பியவர்கள் ஒவ்வொருவராகக் காசில் ஏறினார்கள். தேவதாஸிடமிருந்த பதினொரு காசில் ஒன்பது நிரம்பிவிட்டன. உறவுக்காரர்கள் மாலையில் வந்து பார்த்து, இளைத்திருக்கிறார், தேறியிருக்கிறார் என்று பேசிக்கொண்டு போவார்கள். அங்கே நரைத்தால் காசிலும் நரைத்தது. அங்கே இறந்தால் ராஜா திரும்பிவிடுவார். தந்திக்குக் காத்திராமல் இங்கே தலை முழுகினார்கள். தந்தியும் ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை.

1957 தொடக்கத்தில் சீதாவின் அப்பா சேதுராமனும் கிளம்பினார். வயதானவரைக் கொண்டுபோய்விட அவளைத் தவிர ஆளில்லை. மிச்சமிருந்த இரண்டு காசையும் கடலில் வீசிவிடப் புறப்பட்டார் தேவதாஸ். சீதா சட்டைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வீசிட்டா நான் போகாம இருந்துருவேனா? பாக்க மூஞ்சியும் இல்லாமப் போயிரும்லா. மூணு மாசந்தாங்க. அப்பாவ விட்டுட்டு வந்துர்றேன்."

மூன்று மாதம் மூன்று வருஷமாயிற்று. அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார் என்று முதல் கடிதம் சொன்னது. பிறகு கடிதங்கள் குறைந்து, நின்றேபோயின. ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்துவிட்டுத் தேவதாஸ் வெறும் பையோடு வீடு திரும்புவார். சீதாவின் காசை இடது கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது.

1960 தையில் சேதுராமனின் காசில் ராஜா திரும்பினார். இனி வந்துவிடுவாள் என்று தேவதாஸ் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். மாசிக் கடைசியில் சீதாவின் காசிலும் ராஜா.

அவர் தந்திக்குக் காத்திருக்கவில்லை. தலையை மழித்து, ஆற்றங்கரையில் பிண்டம் வைத்து, அவள் படத்துக்கு மாலை போட்டார். எட்டாம் நாள் பகல் பதினோரு மணிக்கு, வாசலில் டாக்சி நின்று, டிரங்குப் பெட்டியோடு சீதா இறங்கினாள்.

"யாருக்குங்க மொட்டை?"

"உனக்குத்தான்."

அவள் சுவரைப் பார்த்தாள். "கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"

தேவதாஸ் அப்போதுதான் அழுதார். ஆள் அங்கேயிருந்து புறப்பட்டாலும் ராஜா வந்துவிடுவார் என்பது அன்றுதான் தெரிந்தது. அதுவரை போனவர் எவரும் திரும்பியதில்லை. வருகிறேன் என்று அவள் எழுதிய கடிதம் நாலு நாள் கழித்து வந்தது. அவரே கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்.

அதன்பிறகு காஜா பேராங்கில், காசில் ராஜா வந்தால் யாரும் உடனே தலை முழுகுவதில்லை. பத்து நாள் பொறுக்கிறார்கள். அதுவரை உலையில் ஒருபிடி அரிசி கூடுதலாகப் போடுகிறார்கள்.