மீனம்மாவின் காணியில் ஓடிய கோடு

அந்தக் கோட்டைக் கண்டுபிடித்த அன்று சுதாஜினி அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் மீன் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களை இழுத்துக்கொண்டுபோய்க் கணினிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"பாருங்கோ, எவ்வளவு நேர்!"

பார்த்தவர்களுக்குப் பழுப்பு நிறக் காட்டுக்கு நடுவே மெல்லிய பச்சை இழை ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான். ரோல்ஸ் நன்றாக இருந்ததால் எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

வவுனியாவுக்கு மேற்கே, அருவியாற்றில் போய்ச் சேருகிற ஒரு சிற்றாறு. அதன் வடிநிலத்தில் எங்கே தோண்டினால் தண்ணீர் கிடைக்கும் என்று செய்மதிப் படங்களை வைத்து வரைபடம் கீறுவதுதான் எட்டு மாதமாக அவளுடைய வேலை. செய்மதிக்கு நிலத்தின் அடி தெரியாது. மண், சரிவு, ஓடை, பச்சை என்று மேலே கிடப்பதைத்தான் அது காட்டும். மிச்சத்தை இவள் ஊகிக்க வேண்டும். அந்தப் பக்கம் கீழே முழுக்கக் கருங்கல். கல்லில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் உண்டு, இல்லாவிட்டால் எத்தனை அடி இறக்கினாலும் தூசிதான். சில வெடிப்புகள் மேலே நேர்கோடாகத் தெரியும். கணினி அப்படி நாற்பத்தொரு கோடுகளைப் பொறுக்கிக் கொடுத்தது. அவற்றில் பாதை, வாய்க்கால், மின்கம்பி போகிற வழி என்று தெரிந்த பதினேழைச் சுதாஜினி தன் கையாலேயே அழித்தாள்.

அழிக்காமல் விட்டவற்றில் இதுதான் ராசா. மூன்று கிலோமீற்றர் நீளம். சுற்றிவர எல்லாம் கருகிக் கிடக்கிற ஆவணியிலும் பச்சை. வரைபடத்தில் அதன் இரண்டு பக்கமும் கடும் நீலம் அடித்தாள். நீலம் என்றால் 'மிக நல்லது'.

கோடு போன வழியில்தான் கருங்காலிச்சேனை இருந்தது. இருபத்தாறு குடும்பங்கள். ஆடியிலேயே கிணறுகள் வற்றிவிடும், பிறகு பவுசர் வண்டியில் வருகிற தண்ணீர்தான். அந்த ஊருக்கு ஒரு பொதுக் குழாய்க்கிணறு போடுவதென்று திட்டப் பொறுப்பாளர் ஜனார்த்தனன் தீர்மானித்தார். துளையிடும் மெஷினுக்குத் திங்கட்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. இடம், மாதர் சங்கத் தலைவி மீனம்மாவின் காணி. கோடு அவருடைய வேலியைத் தாண்டி, மரவள்ளிப் பாத்திக்குள்ளால் போனது.

வியாழக்கிழமை காலை சுதாஜினி நெளுக்குளத்து வாடகை அறையிலிருந்து ஸ்கூட்டியில் புறப்பட்டு, கடைசி நான்கு கிலோமீற்றரைக் கிரவல் பாதையில் குலுங்கிக் கடந்து அங்கே போய் இறங்கினாள். படலையடியில் மீனம்மா நின்றார். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, குரல் மட்டும் நல்ல கனம்.

"வாங்க மிஸ், வாங்க. செய்மதி எங்க வீட்டத்தான் பாத்துச்சாமே? ஊரு பூரா அதே பேச்சு."

"உங்கட வீட்டையில்லை மீனம்மாக்கா, வீட்டுக்குக் கீழ இருக்கிற கல்லை."

"எதையோ ஒண்ணப் பாத்துச்சில்ல, அது போதும்."

மெஷின் உள்ளே வருவதற்காக அவர் ஒரு பக்க வேலியை ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தார். நாலு வரிசை மரவள்ளியும் போயிருந்தது. கிழங்கு பிடிக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது பிடுங்கியிருக்கிறாரே என்று சுதாஜினிக்குச் சங்கடமாக இருந்தது. மீனம்மாவின் முகத்தில் சங்கடம் ஒன்றும் இல்லை.

இருவரும் கோட்டின் வழியே நடந்தார்கள். சுதாஜினி கைத்தொலைபேசியில் இடத்தைப் பார்த்துக்கொண்டு முன்னால் போனாள். நாயுண்ணியும் ஈச்சம் பற்றையும் ஒரே நேராக, ஆள் உயரத்துக்கு, காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.

"பாருங்கோ, மற்றப் பக்கமெல்லாம் காய்ஞ்சு கிடக்கு. இதில மட்டும் பச்சை. கல்லு வெடிச்சு, அதுக்குள்ளால தண்ணி ஓடுது. அதைத்தான் இந்த வேர்கள் பிடிச்சிருக்கு."

மீனம்மா நின்றார். பற்றையைப் பார்த்தார், திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். "இதத்தான் செய்மதி பாத்துச்சா?" என்று கேட்டார்.

"ஓம், இதைத்தான்."

மீனம்மா முன்னால் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்ததும் பிளேன்டி போட்டுக் கொடுத்தார். சீனி போட மறந்திருந்தார். சுதாஜினி மரியாதைக்கு அப்படியே குடித்துவிட்டு விடைபெற்றாள். ஸ்கூட்டி ஒழுங்கை முனைக்குப் போனபோது பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"மிஸ்! நில்லுங்க மிஸ்!"

மீனம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஸ்கூட்டியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"அது வெடிப்பு இல்ல மிஸ். மண் அணை."

"என்ன அணை?"

"சண்ட நேரத்துல போட்ட அணைங்க. இந்தப் பக்கம் மண்ணு, அந்தப் பக்கம் அதுக்குத் தோண்டின பள்ளம். நாங்க திரும்பி வந்தப்ப கண்ணிவெடியெல்லாம் எடுத்துட்டு, கூலிக்கு ஆள் வச்சு அத சாச்சாங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் மூணு மாசம் வேல செஞ்சோம். பள்ளத்தத் தூத்தது எங்க கைதான். அந்த மண்ணு இன்னமும் பொதுபொதுன்னு இருக்கும். மழைத் தண்ணி அதுல நின்னுக்கும். அதான் பச்ச."

சுதாஜினி ஸ்கூட்டியின் எஞ்சினை நிறுத்தினாள். கால் ஊன்ற மறந்து சாயப் பார்த்தாள். மீனம்மாதான் பிடித்துக்கொண்டார்.

ஓம், அப்படியேதான் இருக்கும். இயற்கை எங்கே மூன்று கிலோமீற்றருக்கு இவ்வளவு நேராகக் கோடு போடப் போகிறது? கண்டாவளையில் பிறந்து, பதினெட்டு வயதில் அதே மாதிரி ஓர் அணைக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தவள் அவள். அவளுக்கே தெரியவில்லை.

"ஏன் முதலே சொல்லேல்லை?"

மீனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சொன்னா கெணறு போயிருமேன்னு நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன் மிஸ். நீங்க டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் பாத்தா, மெஷின் வந்து தண்ணி இல்லாமப் போனா இருபத்தாறு வீட்டுக்கும் நான் என்னா பதில் சொல்றது?"

அலுவலகத்துக்கு வந்து ஜனார்த்தனனிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதைவிட அவர் கத்தியிருக்கலாம்.

"திங்கள் விட்டால் மெஷின் இனி மாரி முடியத்தான் வரும். வேற இடம் இருக்கோ?"

"பார்க்கிறன் சேர்."

"பார்க்கிறன் எண்டால் எப்ப?"

"ஞாயிறுக்குள்ள."

மேசைக்குப் போய் உட்கார்ந்தவளுக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. ரோல்ஸ் தின்றவர்கள் யாரும் பக்கத்தில் வரவில்லை. பிறகு ஒரு யோசனை பிடித்தது. அணையை வெடிப்பு என்று நம்பினேன் என்றால், ஏதாவது ஒரு வெடிப்பைப் பாதை என்று அழித்திருப்பேனோ?

அழித்த பதினேழையும் திரும்ப எடுத்தாள். ஒவ்வொன்றையும் பழைய நில அளவை வரைபடத்தோடு ஒப்பிட்டாள். பதினாறுக்குக் கணக்குச் சரியாக வந்தது. ஒன்றுக்கு வரவில்லை. 'காட்டுப் பாதை' என்று அவள் எழுதி அழித்த அந்த இடத்தில் எந்தக் காலத்து வரைபடத்திலும் பாதை இல்லை. கோடும் அவ்வளவு அழகில்லை. நடுவில் நெளிந்து, ஓரிடத்தில் மங்கி, மறுபடி தோன்றியது. ஆனால் அதைக் கடந்த இரண்டு ஓடைகளும் அதே இடத்தில் முழங்கை மாதிரி மடங்கியிருந்தன. கீழே கல் வெடித்திருந்தால்தான் ஓடை அப்படித் திரும்பும். கருங்காலிச்சேனைப் பாலர் பாடசாலைக்குப் பின்னால்தான் அது போனது.

இந்த முறை அவள் ரோல்ஸ் வாங்கவில்லை. கருவி பிடிக்கிற சுகிர்தனிடம் போனாள்.

"ஞாயிற்றுக்கிழமையும் வேலையோ தங்கச்சி?" என்றார் அவர். "மச்சாளின்ர மகளுக்குச் சாமத்தியவீடு."

"விருந்துக்கு முதல் விட்டிடுவன் அண்ணை."

விடவில்லை. இரும்பு முளைகளை நிலத்தில் அடித்து, நீள வயர் இழுத்து, மின்சாரம் பாய்ச்சி, கீழே உள்ள கல் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கிற வேலை அது. ஈரமான வெடிப்பு என்றால் தடை குறையும். காலையில் இரண்டு மாடுகள் வயருக்குள் மாட்டிக்கொண்டன. பின்னேரம் மூன்று மணிக்கு, ஓரிடத்தில் எண் சட்டென்று விழுந்தது. சுகிர்தன் திரும்பவும் அளந்தார். திரும்பவும் விழுந்தது.

"இதுதான் தங்கச்சி" என்றார். "ஆனா எங்க நிக்கிறம் எண்டு பார்."

பாலர் பாடசாலைக்குப் பின்னாலிருந்த கரப்பந்துத் திடலின் நட்டநடு. வலை தலைக்கு மேலே தொங்கியது.

அங்கே விளையாடுகிற பொடியன்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. அடுத்த மாதம் நெளுக்குளத்து அணியோடு போட்டி இருந்தது. அரை மணித்தியாலம் சுதாஜினி கெஞ்சினாள். சத்தம் கேட்டு வந்த மீனம்மா ஒரே பேச்சில் முடித்தார்.

"அந்தக் கம்பத்த எங்க வீட்டுப் பக்கம் நட்டுக்கங்க. வேலியப் பிரிச்சாச்சு, மரவள்ளியும் போச்சு, நல்ல சமதரையாத்தான் கெடக்கு."

திங்கட்கிழமை மெஷின் வந்தது. இருபது மீற்றர் வரை தூசி. முப்பதில் தூசி. நாற்பதில் வெள்ளை மாவாகத் தூசி பறந்து, பார்க்க வந்தவர்களின் புருவமெல்லாம் நரைத்தது. சுதாஜினி பாலர் பாடசாலைச் சுவரோடு ஒட்டி நின்று நகத்தைக் கடித்தாள். மீனம்மா பக்கத்தில் வந்து நின்றார். இவளுடைய கையைப் பிடித்து வாயிலிருந்து இறக்கிவிட்டார்.

நாற்பத்தேழில் மெஷினின் சத்தம் மாறியது. தூசி சாம்பல் சேறானது. பிறகு தண்ணீர் ஒரே வீச்சில் மேலே அடித்து, நின்ற எல்லோரையும் நனைத்தது. பொடியன்கள் விசிலடித்தார்கள். சுகிர்தன் கருவிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார்.

அமளி அடங்கிய பிறகு மீனம்மா ஒரு கை அள்ளி வாயில் விட்டு, கண்ணை மூடி ருசி பார்த்தார்.

"கொஞ்சம் கல்லுத் தண்ணிதான். டீக்குச் சரிவராது. ஆனா பயிருக்கும் குளிக்கவும் தாராளம்."

"உங்கட வீட்டிலயிருந்து தூரமாப் போச்சே அக்கா" என்றாள் சுதாஜினி.

"முந்நூறு மீட்டரு. குழாய் இழுத்தா வந்துரும். சங்கத்துல நாந்தானே தலைவி." சொல்லிவிட்டு அவரே சத்தமாகச் சிரித்தார்.

ஈர உடுப்போடு ஸ்கூட்டியில் ஏறப் போனபோது ஜனார்த்தனன் தொலைபேசியில் அழைத்தார். தண்ணீர் வந்த செய்தி அவருக்கு முன்னமே போயிருந்தது.

"சந்தோசம். மற்ற இருபத்து மூண்டு கோட்டையும் என்ன செய்யிறது?"

"ஒவ்வொண்டா நடந்து பாக்கவேணும் சேர். அந்தந்த ஊர் ஆக்களோட. என்ர கண்ணை மட்டும் நம்பிப் பிரியோசனமில்லை."

"எப்ப தொடங்கிறீர்?"

சுதாஜினி தலைமுடியிலிருந்த சேற்றை வழித்து எறிந்தாள். "நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வெளிக்கிடுறன்" என்றாள்.