முதுகுக்குள் ஒட்டிய காகிதம்

"எரிக்கறதுக்கா இவ்வளவு மெனக்கெடற?" என்று எவுலாலியா கேட்டாள். போன இலையுதிர் காலத்தில், கணவனின் புத்தகம் கட்டும் பட்டறைக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போனபோது.

"எரிக்கறதுக்கு வெறும் அட்டையில வேற ஒண்ணு செஞ்சிருக்கேன். இது படத்துல நடிகர் கையில எடுத்துப் புரட்டுறது. கனம் வேணும், திறந்தா முனகணும்," என்றார் ஃபெர்மின்.

"புத்தக முதுகுக்குள்ள என்னத்த ஒட்டுற?"

"ஏதோ பழைய காகிதம். தோலுக்கு அடியில போறதை யாரு பாக்கப் போறா?"

அந்தப் பேச்சை அவள் அப்போதே மறந்துவிட்டிருந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், டொலேடோ நகரின் பழைய திரையரங்கில் கணவனின் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தபோதுதான் அது திரும்ப வந்தது. படம் எடுக்க உதவிய ஊர்க்காரர்களுக்கென்று போட்ட காட்சி. சாத்தானே கைப்பட எழுதியதாகச் சொல்லப்படும் அரிய புத்தகம் ஒன்றைத் தேடி அலையும் ஒருவனின் கதை. அதைத் தொட்டவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பின் வரிசையில் மருந்துக்கடை காசில்தா சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி, "ஃபெர்மின், நிஜமாச் சொல்லு, இதைக் கட்டினது நீயா, சாத்தானா?" என்று சீண்டினாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஃபெர்மினும் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து நாளாகிறது என்று எவுலாலியா நினைத்துக்கொண்டாள்.

மகன் ஹினேஸ் வீட்டை விட்டுப் போன பிறகு அங்கே சிரிப்பு குறைந்துதான் போனது. ஒரு வாடிக்கையாளர் பழுதுபார்க்கக் கொடுத்த பழம்புத்தகத்திலிருந்து நிலப்படம் ஒன்றை அறுத்து விற்றுவிட்டான் அவன். இருபத்திரண்டு வயது, ஏதோ ஒரு பெண்ணோடு பிரான்சுக்கு ஓடுகிற அவசரம். "இனிமே அவன் பேர் இந்த வீட்டுல வேண்டாம்," என்று ஃபெர்மின் சொன்னார். அவள் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஏழு வருடமாகச் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டே அவருக்குச் சூப் பரிமாறினாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். கடிதம் வந்ததா என்று மட்டும் எப்போதாவது கேட்பாள். தபால்காரர் எல்லாவற்றையும் கீழே பட்டறையில்தான் போடுவார். "வரலை," என்பார் ஃபெர்மின்.

திரையில் கதாநாயகன் புத்தகத்தைத் தீயில் எறிந்தான். ஃபெர்மினின் உடம்பு விறைத்ததை அவள் தோள் உணர்ந்தது.

"அது இல்ல," என்று முணுமுணுத்தார். "எரிக்கறது அது இல்ல. நல்லதைப் போட்டுட்டாங்க."

தோல் சுருங்கி வாயைப் பிளந்தது. பசை கொதித்து விட்டுப்போக, முதுகுக்குள் ஒட்டியிருந்த நீளமான காகிதத் துண்டு பிரிந்து, மெல்லப் புரண்டு, மறுபக்கத்தைக் காட்டியது. பச்சை மையில் எழுத்துகள், திரை முழுக்க, ஆள் உயரத்துக்கு.

அரங்கம் மூச்சை இழுத்தது. "மந்திரம்," என்றாள் காசில்தா, கொறிப்பதை நிறுத்தி.

எவுலாலியா படித்தாள். இடது பக்கம் சாய்ந்த அந்தக் கையெழுத்துக்குப் பள்ளிக்கூடத்தில் ஹினேஸ் எத்தனை தடவை அடி வாங்கியிருக்கிறான். குறுக்கே வெட்டிய வரிகள். 'அம்மா, உன் முழங்கால்' என்று ஒன்று. அதற்குக் கீழே, 'குழந்தைக்கு உன் பேரையே'. அவ்வளவுதான். தீ ஓரத்திலிருந்து ஏறி வந்து இரண்டையும் தின்றது.

அவள் கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"எத்தனை கடிதம்?"

ஃபெர்மின் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பதினொண்ணு."

"எல்லாத்தையும் படிச்சியா?"

"படிக்கல. பிரிச்ச உடனே வெட்டிடுவேன். வெட்டிட்டா படிக்க முடியாதுல்ல."

"தூக்கி எறிஞ்சிருக்கலாமே."

"மனசு வரல, லாலி," என்றார். "முதுகுல வெச்சா முந்நூறு வருஷம் இருக்கும்."

"உஷ்," என்றாள் காசில்தா. "சாகப்போறான், பாக்க விடுங்க."

திரையில் யாரோ செத்தார்கள். எவுலாலியாவுக்கு அவர் கட்டிய புத்தகங்கள் இருக்கும் ஊர் அலமாரிகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. நோட்டரி வீட்டுச் சட்டப் புத்தகங்கள், மடத்துப் பாட்டுப் புத்தகம், காசில்தாவின் அம்மாவுடைய ஜெபப் புத்தகம். எதன் முதுகில் அவளுடைய பேத்தி நடக்கத் தொடங்கினாள், எதில் அவளுக்குப் பல் முளைத்தது?

"கடைசி ஒண்ணு வெட்டல," என்றார் ஃபெர்மின். கேட்காமலே சொன்னார். "ஈஸ்டருக்கு வந்தது. மேசை இழுப்பறையில இருக்கு, பிரிக்கக்கூட இல்ல. பின்னாடி முகவரி இருக்கு."

படம் முடிந்து பெயர்கள் மேலேறத் தொடங்கின. 'புத்தகக் கட்டு: ஃபெர்மின் அரேவாலோ' என்று வந்ததும் அரங்கம் கைதட்டியது. காசில்தா அவர் முதுகில் ஓங்கித் தட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபெர்மின் எழுந்திருக்கவில்லை. தோலுக்குச் சாயம் ஏற்றிக் கறுத்த அவருடைய இரண்டு கைகளும் முழங்கால் மேல் மல்லாந்து கிடந்தன.

எவுலாலியா அதில் ஒன்றை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கைதட்டல் ஓயும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"நம்ம பிள்ளைய வீட்டுக்கு வரச் சொல்லு, ஃபெர்மின்," என்றாள். "இந்தக் கையாலயே எழுது."