இடது பக்கப் பின்சக்கரம்

மத்தியானச் சாப்பாட்டில் அக்காவின் கணவர், மாமா, அவள் வண்டியை வாய்க்காலில் இறக்கிய கதையை மறுபடியும் நடித்துக் காட்டினார். ஸ்டீரிங் பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் நீட்டி, கண்ணை உருட்டி, "ஐயோ" என்று அக்காவின் குரலில் அலறி, அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். அதில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. அக்கா துணி எடுத்து வந்து துடைத்தாள். கூடவே சிரித்தும் வைத்தாள், அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"பள்ளத்துல இறங்கிச்சு. பின்னாடி இடது பக்கம் ஒரு உதறு உதறுச்சு. அவ்வளவுதான், வாய்க்கால்ல கிடக்கேன்," என்றாள்.

"வண்டி ஏன் உதறுது? பிடிக்கிற கை அப்படி," என்றார் மாமா.

எதிரே உட்கார்ந்திருந்த தம்பி சாப்பிடுவதை நிறுத்தினான். அவன் மெக்கானிக். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றி, வளைவில் சாயாமல் ஓட வைப்பதில் ஊரில் அவனுக்கு நல்ல பெயர். அக்கா வாங்கிய அந்தப் பழைய வண்டிக்கும் போன வாரம் அவன்தான் அடியில் இருந்த அத்தனையையும் புதிதாக்கினான்.

அத்தனையையும் ஒழுங்காகச் செய்தான், ஒன்றைத் தவிர. பின் அச்சைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் முனையில் அதிர்வைத் தாங்க ரப்பர் புஷ் என்ற வளையமும், அதன் நடுவே ஒரு போல்ட்டும் இருக்கும். வண்டியைக் கீழே இறக்கி, பாரம் முழுவதும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் அந்த போல்ட்டை இறுக்க வேண்டும். லிஃப்டில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நல்ல ரோட்டில் அது தெரியாது, பள்ளத்தில் அந்தப் பக்கம் உதறும். இதை ஊருக்கே பாடம் எடுப்பவன் அவன். ஆனால் இடது பக்கத்து போல்ட்டைத் தொங்கும்போதே இறுக்கினான். இறக்கியதும் தளர்த்தி மறுபடி இறுக்கலாம் என்றுதான் நினைத்தான். இறக்கினான், அடியில் தவழ்ந்து வலது பக்கத்தை முடித்தான். வெளியே நண்பர்கள் ஹாரன் அடித்தார்கள். இடது பக்கத்துக்கு இன்னொரு தரம் தவழச் சோம்பலாக இருந்தது. 'அக்கா வண்டிதானே' என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வெளி ஆள் வண்டியாக இருந்திருந்தால் தவழ்ந்திருப்பான். அக்கா சொன்ன அந்த 'இடது பக்கம்' காதில் விழுந்த நொடியில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆள் கெட்டவன் இல்லை, கோழை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா நர்ஸ். மலைமேல் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குப் போய், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. வருஷக்கணக்காக ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய வேலை. சொந்தமாக வண்டி ஓட்டத் தெரிய வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதற்காகத்தான் வண்டியே வாங்கினாள். வாய்க்காலில் இறங்கிய நாளிலிருந்து சாவி ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது.

"நாளைக்கு ஆபீஸ்ல ஒரு முடிவு சொல்லணும்," என்றாள் அக்கா.

"என்ன முடிவு? முடியலைன்னு சொல்லு. மானம் ஒண்ணும் போயிடாது."

தம்பி எழுந்து கை கழுவினான். "பம்பர் நசுங்கியிருக்கு. எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வரேன்," என்று சாவியை எடுத்துக்கொண்டான்.

பட்டறையில் வண்டியைத் தரையிலேயே நிறுத்திவிட்டு அடியில் புகுந்தான். போல்ட்டைத் தளர்த்தியதும் ரப்பர் 'டக்'கென்று தன் இடத்துக்குத் திரும்பியது. அந்தச் சத்தம் அவனைச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ரப்பர் கிழியாமல் இருந்தது அவன் அதிர்ஷ்டம். இறுக்கினான். இருக்கிற பள்ளத்தில் எல்லாம் தேடித் தேடி இறக்கி ஓட்டினான். வண்டி பிடித்த பிடியில் நேராக வந்தது. அப்பாடா என்றிருந்தது. சரியாகிவிட்டது, இனி யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் விசிலடித்தபடி வண்டியைக் கொண்டுவந்து விட்டான்.

"வாங்க, ஒரு ரவுண்ட் போயிட்டு வரலாம்," என்று மாமா ஏறி உட்கார்ந்தார். அக்கா முன்னால், தம்பி பின்னால். அதே ரோடு, அதே பள்ளம். மாமா வேகத்தைக் குறைக்காமல் இறக்கினார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நேராகப் போனது.

"பாத்தியா? வண்டியில ஒண்ணும் இல்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அக்கா தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா. காலையில ஆபீஸ்ல சொல்லிடறேன்," என்றாள். மாமா கேலியாகச் சொன்னதை அவள் நிஜமாகவே நம்பிவிட்டாள்.

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. பம்பரை மட்டும் தட்டி நிமிர்த்தியிருந்தால்கூட இவ்வளவு பாவம் சேர்ந்திருக்காது. மறைத்துச் சரிசெய்து, அக்காவைப் பொய்யாக்கிவிட்டான்.

"மாமா, நிறுத்துங்க."

"என்ன மாப்ள, வாந்தி வருதா?"

"மத்தியானம் வரைக்கும் வண்டி சரியில்ல. இடது பக்க போல்ட்டை நான் தப்பா இறுக்கிட்டேன். பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரி பண்ணினதே நான்தான். யார் ஓட்டியிருந்தாலும் வாய்க்கால்லதான் போயிருக்கும்."

மாமா வண்டியை ஓரங்கட்டினார். இன்ஜினை அணைத்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?" அக்கா திரும்பாமலே கேட்டாள்.

"சாப்பிடும்போதே தெரியும்."

"அவர் நடிச்சுக் காட்டினப்பவா?"

"ஆமா."

"அன்னிக்கிலேர்ந்து டம்ளரைத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டு இருக்கேன்டா, கை நடுங்குதான்னு. நோயாளிக்கு ஊசி போடக்கூட பயமாயிருச்சு எனக்கு."

அவனுக்கு அழுகை முட்டியது. அழவும் தனக்கு அருகதை இல்லை என்று பட்டது.

அக்கா இறங்கிச் சுற்றி வந்து மாமா பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவர் இறங்கி, அவள் இடத்தில் போய் உட்கார்ந்தார். அவள் வண்டியைத் திருப்பி, அதே பள்ளத்தில் இறக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி திருப்பி, மறுபடி இறக்கினாள். அப்புறம் கண்ணாடி வழியாகத் தம்பியைப் பார்த்தாள்.

"அக்கா வண்டிதானேன்னு விட்டுட்டியா?"

அந்த வார்த்தையை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

"நாளைக்கு நான் மலைக்குப் போறேன். நீயும் வரே. முன்னாடி இல்ல, பின்னாடி. அந்த இடது சக்கரத்துக்கு மேல உக்காரு."

"உக்கார்றேன்க்கா," என்றான்.