சந்தியாப்பாட்டில் ஒரு குரல் அரசுடைமையான விதம்

யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம், சந்தியாப்பாட்டுக் கோயில் மண்டபத்தில், பஸ்தியான் மூப்பருடைய குரல் ஒலிவாங்கிக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. அன்று நெத்தலி விலை இறங்கியிருந்தது. காற்று வழக்கம் போலத்தான் அடித்தது. மண்டபத்துக்குள் குரலோடு போனவர் வெளியே வரும்போது வாயை மட்டும் கொண்டு வந்தார்.

அது கடையில் சாமான் கேட்பதற்கென்று அமைந்த குரல் அல்ல. கற்பிட்டிக் கரையில் கரைவலை இழுப்பவர்களுக்கு அம்பாப் பாட்டு வேண்டும். ஒருவர் முன்னடி எடுப்பார், கயிற்றில் நிற்கும் அத்தனை பேரும் “ஏலேலோ” என்று பதில் சொல்லி ஒரே மூச்சில் இழுப்பார்கள். முன்னடி பிசகினால் வலை ஒரு பக்கம் சாயும், மீன் மறுபக்கத்தால் போய்விடும். நான்கு தலைமுறையாக சந்தியாப்பாட்டில் முன்னடி எடுத்தது பஸ்தியானின் வீடு. அவர்களுக்குச் சொந்தமாக வலையோ வள்ளமோ இருந்ததில்லை. பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் குரலைத்தான் சொன்னார்கள், அது போதுமாக இருந்தது. இன்னொரு வழக்கமும் அந்தக் கரையில் உண்டு. வள்ளம் தள்ளுமுன் மூப்பர், “வலை இறக்குவமா?” என்று கேட்பார். ஒரு வாய் “வேண்டாம்” என்றாலும் அன்று வலை இறங்காது. ஒரு முறை குடிவெறியில் நின்ற ஒருவன் சொன்ன “வேண்டாம்” என்ற சொல்லுக்காக ஊரே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. ஆனாலும் வழக்கத்தை யாரும் மாற்றவில்லை, மனமில்லாமல் கயிறு பிடிப்பவன் இழுக்கமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கரையோரச் செழிப்புத் திணைக்களம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். ஹோட்டல்களுக்காகக் கரையை வேலியடைக்க வேண்டும், அதற்கு முன் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று அதன் பணிப்பாளர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. அவர் முதலில் சனநாயகம் என்றால் என்னவென்று விளங்கப்படுத்தினார். அதிகாரம் முழுவதும் மக்களுடையது, அரசாங்கம் அதை அவர்களுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

“எங்கட சாமானத்தான் வச்சிருக்கானாம்,” என்று மூப்பரின் தங்கை யூஜீனியா பக்கத்தில் குசுகுசுத்தார். “எப்ப திருப்பித் தருவான் எண்டு கேளுங்க அண்ணே.”

“நீ வாயப் பொத்து. ஒருத்தரும் கதைக்கத் தேவையில்ல. நான் ஒருத்தன் வேண்டாம் எண்டு சொன்னாக் காணும்,” என்று மூப்பர் எழுந்தார். கரையின் வழக்கம் அரசாங்கக் கச்சேரிக்கும் பொருந்தும் என்று அவர் நம்பினார்.

முதுகு வளையாமல் நின்று, அம்பாக் குரலிலேயே அவர் பேசினார். இந்தக் கரை எங்கள் கரை, எடுக்க விடமாட்டோம், வேலி வேண்டாம். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் அவர் மூச்செடுத்தபோது மண்டபம் முழுவதும் “ஏலேலோ” என்றது. சொல்லுகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது, கயிறு பிடித்துப் பழகிய வாய்கள். பணிப்பாளர் கிராம சேவகரிடம் அதற்கு அர்த்தம் கேட்டார். “எல்லாரும் ஒண்டாச் சேந்து இழுக்கிறம் எண்டு அர்த்தம், சேர்,” என்றார் அந்த மனிதர். பணிப்பாளருடைய முகம் மலர்ந்தது. ஊர் மக்கள் ஏகமனதாக ஒத்துழைப்பதாக எழுதிக்கொண்டு, ஒலிவாங்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கேட்க வாயைத் திறந்தபோதுதான் மூப்பருக்கு விஷயம் தெரிந்தது. புத்தளத்தில் வைத்தியர் தொண்டையைப் பார்த்து, வாலிபனுடைய தொண்டை போல இருக்கிறது, உள்ளே குரல் மட்டும் இல்லை என்றார்.

குரல் எங்கே என்பதைக் கரைத்தீவிலிருந்து மீன் எடுக்க வரும் சரீப் சொன்னான். தொண்ணூறில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை அவன். மோட்டார் சைக்கிளை நிறுத்த முன்னமே, “மூப்பர், காலையில உங்கள றேடியோவில கேட்டன். என்ன கணீர்! ‘எடுங்க, எங்கள் கரை, எடுங்க’ எண்டு ஆசையாச் சொல்லுறீங்க. பின்னால ஊரே ஏலேலோ போடுது,” என்றான்.

“அவர் வாய் திறந்து பத்து மாசம், தம்பி,” என்றார் யூஜீனியா.

சரீப் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினான். “எங்களக் கலைக்கக்குள்ள ஒருத்தனும் ஒரு வார்த்தை கேக்கல்ல யூஜீனியாக்கா. உங்கள்ட்டக் கேட்டும் இருக்கானுகள், கேட்டதக் கொண்டும் போயிருக்கானுகள். பெரிய மரியாததான்!”

அதன்பின் குரலுக்கு ஓய்வில்லை. அடிக்கல் நாட்டும் இடமெல்லாம் ஒலிபெருக்கியில் வந்து சம்மதம் சொன்னது. மூப்பர் கால் வைத்திராத எலுவன்குளத்துக் காணிக்கும் அதுதான் ஓம் என்றது. இரண்டு வருடத்தில் சிங்களமும் பழகி, மூப்பர் பேசியதைவிட நல்ல சிங்களத்தில் ஓம் சொன்னது. கரையில் அம்பா நின்றுபோய், வலை சாய்ந்து சாய்ந்து வந்தது. மூப்பர் உயிரோடு இருக்க இன்னொருவர் முன்னடி எடுக்க யாருக்கும் துணிவில்லை. பேத்தி ஷானிகாவைக் கேட்டு வந்திருந்த சிலாபத்து வீட்டார், குரலை விற்ற குடும்பத்தில் தங்களுக்குப் பெண் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். சாவு வீடுகளில் மூப்பர் நுழைந்ததும் கதை நின்றது. அவர் அப்போதும் முதுகை வளைக்கவில்லை. யூஜீனியாவைக் கூட்டிக்கொண்டு திணைக்களத்துக்குப் போனார்.

“குரல் இப்ப பாவனையில இருக்கு அம்மா,” என்றான் அங்கே இருந்த எழுதுவினைஞன், பணிவாகத்தான். “திருப்பி எடுக்கிறதெண்டா சொந்தக்காரர் வாய்மூலம் கேக்கோணும்.”

மூப்பர் வாயைத் திறந்தார். அவன் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

பிறகு ஆட்சி மாறியது. சந்தியாப்பாட்டின் குரலை மீட்டுத் தருவேன் என்று மேடை மேடையாகக் கத்தியவர் வென்று, பழையவருடைய கதிரையிலேயே போய் உட்கார்ந்தார். வாகனங்கள், கதிரைகள், குரல் என்று எல்லாவற்றையும் முறைப்படி ஒப்படைத்தார்கள். அவர் குரலை ஒரு முறை போட்டுக் கேட்டார், அவருக்கும் பிடித்துவிட்டது. வாக்குப் போட்டவர்கள் விரலில் மை காயுமுன் வேலிக்கட்டைகள் வந்து இறங்கின.

வேலி முடிந்ததும் அதன் உயரமான கட்டையில் ஒலிபெருக்கி ஒன்றைக் கட்டினார்கள். மறுநாள் காலை, கடைசி வலை என்று நினைத்து இறக்கிய வலையின் கயிறுகள் மணலில் கிடந்தன. இழுக்க யாருக்கும் கை வரவில்லை. அப்போது மேலே இருந்து பஸ்தியான் மூப்பருடைய குரல் கேட்டது. “இது தடை செய்யப்பட்ட பகுதி. பொதுமக்கள் விலகிச் செல்லவும்.” சொற்கள் திணைக்களத்தினுடையவை. ஆனால் மூச்செடுக்கும் இடத்தில் அது அப்பன் பாட்டன் மூச்செடுத்தது போலவே மூச்செடுத்தது. கரை முழுவதும் “ஏலேலோ” என்றது. கயிறு நகர்ந்தது.

“இழுங்கடா! அண்ணன் பாடுறார்!” என்று யூஜீனியா கத்தினார்.

காவலாளி ஓடி வந்தான். அறிவித்தலுக்கு மக்கள் பதிலளிக்கிறார்களா என்று பார்த்து மேலிடத்துக்குச் சொல்வது அவன் வேலை. இவர்கள் ஒரே குரலில், ஒவ்வொரு அறிவித்தலுக்கும் பதிலளித்தார்கள். அப்படியே சொன்னான். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. இப்படி ஒத்துழைக்கும் மக்களுக்கு இடைஞ்சல் செய்ய வேண்டாம் என்றும் உத்தரவு வந்தது.

மூப்பர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார். களவு போன பொருளைக் கள்ளனுடைய வாசலில் நின்று அனுபவிப்பது அவர் வீட்டு வழக்கம் அல்ல. மறுநாள் வள்ளம் தள்ளுமுன் யூஜீனியா அவர் முன்னால் வந்து நின்றார். “அண்ணே, அவன்ட கரண்டுச் செலவில உங்கட குரல் எங்களுக்கு வேல செய்யுது. அதுக்குமேல சொல்லவேண்டியது நீங்கதான். வலை இறக்குவமா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாய் வேண்டாம் என்றாலும் வலை இறங்காது, அந்த வாயில் குரல் இல்லை. தலையை ஆட்டியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் யாரும் தலையாட்டிப் பதில் சொன்னதில்லை. அவர் நடந்து போய்க் கயிற்றின் தலைப்பில், அப்பன் நின்ற இடத்தில், நேராக நின்றார். ஒலிபெருக்கி மூச்செடுத்தபோது அவரும் எடுத்தார்.

அன்றிலிருந்து சந்தியாப்பாட்டில் அப்படித்தான் வலை இழுக்கிறார்கள். முன்னடி மேலே கேட்கும், வாய் கீழே அசையும். சிலாபத்து வீட்டார் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு ஷானிகாவை மறுபடி கேட்டார்கள். மூப்பர் அவர்களை வெயிலில் நிறுத்திவைத்து, பிறகுதான் கதிரை போடச் சொல்லிக் கையைக் காட்டினார். மழைக்காலத்தில் ஒலிபெருக்கிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். யூஜீனியா கொத்தமல்லி அவித்து அண்ணனுக்குக் குடிக்கக் கொடுப்பார், விடியும்போது ஒலிபெருக்கி தெளிந்திருக்கும். திணைக்களத்தார் திருத்த வருவார்கள். திருத்த ஒன்றுமில்லை என்று கண்டு, திருத்தியதாகக் கையெழுத்து வைத்து, ஆளுக்கு ஒரு கோர்வை மீனும் வாங்கிக்கொண்டு போவார்கள்.